கண்ணாடி வயிறு

தன் வயிறு சோறு அரைப்பதைத் தானே நின்று பார்த்த மனிதன் யாராவது உண்டா? கொம்பையா பார்த்தார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து, ஏ.சி. வைத்து, மருந்து ஆராய்ச்சிக் கூடம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். நடு அறையில், இரும்புக் கால் ஒன்றின் மேல், கண்ணாடியில் ஒரு பை. அதற்குள் ரப்பர் மாதிரி இளஞ்சிவப்பில் ஒரு சவ்வு. அது சுருங்கியது. விரிந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கி எதையோ பிழிந்தது.

"இதுதான் அண்ணாச்சி உங்க வயிறு" என்றாள் பனிமயம். நாற்பதைத் தாண்டியவள், கடற்கரைத் தெருக்காரி, கேப்சூலுக்குள் மருந்தை எப்படி அடைப்பது என்பதையே தொழிலாக வைத்திருப்பவள்.

கொம்பையா கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஐம்பது வருஷம் உப்பளத்து வெள்ளை வெயிலைப் பார்த்த கண். பாதிதான் மிச்சம். "சும்மா கெடந்து எதுக்குத் துடிக்கி?"

"உங்க வயிறு இப்போ என்ன செய்யுதோ அதைத்தான் இதுவும் செய்யும். காலையில பட்டாணி கணக்கா ஒண்ணை முழுங்குனீங்கள்ல, அது உள்ள ஒட்டிக்கிட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் சேதி அனுப்புது."

"எல்லாச் சேதியுமா?"

"புளிப்பு எவ்வளவு, அசைவு எவ்வளவு, பித்தம் இறங்குச்சா, அவ்வளவுதான். என்ன சாப்பாடுன்னு அதுக்குத் தெரியாது. கண்ணா இருக்கு?"

கண் இல்லை என்று கேட்டதும் கொம்பையாவுக்கு மனசு லேசானது.

அவர் அங்கே வந்தது உபகாரம் செய்ய அல்ல. கையும் களவுமாகப் பிடிக்க வந்தார்.

கடல் இரண்டு தரம் உப்பளத்துக்குள் ஏறி இறங்கிய பிறகு முதலாளிமார் உப்பு வார ரோபோக்களை இறக்கினார்கள். ஏழே மாதத்தில் அதெல்லாம் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. மறுபடி மனிதர்களைக் கூப்பிட்டார்கள். மனிதனும் துருப்பிடிப்பான். ஆனால் துருப்பிடித்தபடியே வேலைக்கு வருவான். அந்தச் சூட்டிலும் அந்தத் தண்ணீரிலும் புதுசாக ஒரு பூஞ்சை முளைத்து, மூச்சோடு போய் நெஞ்சில் குடியேறியது. உப்புப் பூஞ்சை என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மருந்தும் வந்தது. டவுனில் நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எழுந்து நடந்தார்கள். உப்பளத்தில் பத்துக்கு மூன்று. அதே கேப்சூல், அதே டப்பா.

"அதே டப்பாதான். உள்ள இருக்கிறது அதேன்னு எவன் கண்டான்? டவுனுக்கு மருந்து, நமக்குச் சுண்ணாம்பு" என்றார் கொம்பையா. ரேஷன் கடைத் தராசை நம்பாதவர். மழை வருமென்று ரேடியோ சொன்னால் உப்பை மூடாமல் போட்டுவிட்டு வருகிறவர். சிரித்துப் பேசுகிற டாக்டர் என்றால் ஒரு படி கூடுதலாகச் சந்தேகப்படுவார்.

அவருக்கு ஒரே மகள், பேச்சி. முப்பத்தாறு வயது. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று ஆறே மாதத்தில் திரும்பி வந்து, வாருபலகையோடு பாத்தியில் இறங்கி, இரண்டு ஆள் வேலையை ஒற்றையாகப் பார்த்தவள். இப்போது குடத்தைத் தூக்கினால் உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு மாதமாகக் கேப்சூல் முழுங்குகிறாள். ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஐப்பசி மழைக்கு முன்னாடி மருந்து பிடிச்சாகணும்" என்றார். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. புரட்டாசி பிறக்க அப்போது ஆறு நாள் இருந்தது.

அந்த வாரம்தான் பனிமயம் உப்பளத்துக்கு வந்து, வரப்பில் நின்றுகொண்டு, "உங்க ஆளுக வயிறு ஒண்ணு எனக்கு வேணும்" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். "வயித்தைத் தவிர வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, அது ஒண்ணுதான் எங்களுக்குப் பகை" என்று ஒருத்தி கத்தினாள். கொம்பையா மட்டும் வந்தார். உள்ளே போனால்தானே சுண்ணாம்பு மூட்டை எங்கே இருக்கிறதென்று பார்க்கலாம்.

முதல் நாளே நேராகக் கேட்டார். "நல்ல மருந்துன்னா எங்க ஆளுகளுக்கு ஏன் கேக்கல?"

பனிமயம் ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து, மஞ்சளாக ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுக் கலக்கினாள். தூள் சுற்றியது. கை எடுத்ததும் அடியில் போய்ப் படிந்தது.

"இதுதான் மருந்து. பூஞ்சையைக் கொல்றதுல இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கல்லு. தண்ணியில கரையாது. கரையலைன்னா ரத்தத்துல ஏறாது."

"நெஞ்சுக்குப் போக வேண்டியது கக்கூசுக்குப் போவுதுங்கிய."

பக்கத்தில் குழாய் கழுவிக்கொண்டிருந்த வியாகுலம் சிரித்துவிட்டான். கண்ணாடி வயிற்றுக்குச் சோறு போட்டு, கழுவி, துடைத்து வைப்பது அவன் வேலை. பனிமயம் சிரிக்கவில்லை. "அதேதான். அதனால எண்ணெயில கரைச்சு, சோப்பு மாதிரி இன்னொண்ணையும் சேர்த்து கேப்சூல்ல அடைக்கிறோம். ஃபினாயிலைத் தண்ணியில ஊத்துனா என்ன ஆகும்?"

"பால் கணக்கா வெளுக்கும்."

"யாரும் கலக்க வேண்டாம், தானா வெளுக்குதுல்ல? கேப்சூல் வயித்துக்குள்ள போயி அப்படித்தான் பாலாகணும். பாலாயிட்டா மருந்து ஏறிரும்."

"அப்போ எம் மவளுக்கு ஃபினாயில் குடுக்கிய."

"அது போதும்னா எட்டு வருஷமா நான் எதுக்கு அண்ணாச்சி இதுல கெடந்து முட்டுறேன்?"

அந்தப் பதில் கொம்பையாவுக்குப் பிடித்திருந்தது. மழுப்பாமல் பேசுகிற படித்த ஆளை அவர் கண்டதில்லை. பிடித்தது என்பதற்காக நம்பிவிடவும் இல்லை.

"கேப்சூலை இதுவரைக்கும் டவுன்காரங்க வயித்தை அச்சா வச்சுத்தான் சோதிச்சோம்" என்றாள் அவள். "அதுல அருமையாப் பாலாகுது. உப்பளத்து வயித்துல ஏன் ஆகலைன்னு எனக்குத் தெரியல. உங்க வயிறுதான் சொல்லணும்."

எனக்குத் தெரியல என்கிறாளே என்று கொம்பையா நினைத்துக்கொண்டார்.

ஏற்பாடு இதுதான். தினமும் காலை எட்டு மணிக்கு வர வேண்டும். ஆராய்ச்சிக்கு உடம்பு கொடுக்கிற ஆளுக்குத் தினம் ஒரு முட்டை என்று சட்டம். சாயங்காலம் போகும்போது அவித்த முட்டை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், மறுநாள் காலைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். அவர் என்ன சாப்பிட்டாரோ அதையே கண்ணாடி வயிற்றுக்கும் போட்டு, கேப்சூலைப் போட்டு, கரைகிறதா என்று பார்ப்பார்கள்.

"அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீய?"

"நாலு இட்லி. சாம்பாரு. முட்டை."

வியாகுலம் கேன்டீனுக்கு ஓடி நாலு இட்லியும் சாம்பாரும் முட்டையும் வாங்கிவந்து, அரைத்து, குழாய் வழியாக விடுவான். அந்த யந்திரத்துக்கும் கொம்பையா என்றே பெயராகிவிட்டது. "கொம்பையாவைக் கழுவியாச்சா?", "கொம்பையாவுக்கு இன்னைக்கு ஏப்பம் ஜாஸ்தி" என்று அங்கே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நிஜக் கொம்பையா பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக் கொம்பையா தின்பதைப் பார்ப்பார். எச்சில் ஊறும்.

ஏனென்றால் அவர் காலையில் குடித்தது ஒரு செம்பு நீராகாரம். கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். முட்டை பேச்சிக்கு.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் அல்ல அது. சாப்பிட்டாச்சா என்று ஒருத்தர் கேட்டால் ஆச்சு என்பதுதான் பதில். அடுப்புப் பற்றவைக்காத வீட்டிலும் அதுதான் பதில். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவன் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். அவன் வீட்டுப் பானையில் என்ன கிடக்கிறதோ யாருக்குத் தெரியும்? ஒரு மனிதனை அப்படி இக்கட்டில் நிறுத்துவது மரியாதையா? அதனால் உப்பளத்தில் எல்லாரும் எப்போதும் சாப்பிட்டவர்கள்தான். மருந்துக் கணக்கு எடுக்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து நோட்டை வைத்துக்கொண்டு கேட்டபோதும் வீட்டுக்கு வீடு அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

பேச்சியும் முட்டையை வாங்கிக்கொள்வாள். "தின்னியாளா?" என்றால், "தின்னாச்சுப்பா" என்பாள். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே போட்டுவிடுவாள். நோய்க்காரி வைக்கிற புளிக்குழம்பு ஏனோ முன்னைவிடக் கெட்டியாக, வழவழவென்று இருந்தது. நாக்கும் உப்பில் போன நாக்கு. நல்லாயிருக்கு என்று மட்டும் தெரிந்தது.

பதினோராம் நாள் பனிமயம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேஜையில் நீளமாக ஒரு தாள் விரித்துக் கிடந்தது. மேலும் கீழுமாகக் கோடுகள்.

"உக்காருங்க அண்ணாச்சி. கொழுப்பு உள்ள போனா வயிறு நிதானமாகும், பித்தம் இறங்கும். முட்டை சாப்பிட்டா அப்படித்தான் ஆகணும். பதினோரு நாளா நீங்க காலையில முட்டை சாப்பிட்டதாச் சொல்றீங்க. காலையில உங்க வயித்துல பித்தமே இறங்கல. பச்சத்தண்ணி போன மாதிரி போகுது."

கொம்பையா குனிந்து கோடுகளைப் பார்த்தார்.

"பட்டாணிதான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவை மாத்துனேன். கருவி மேல சந்தேகம், கோடு மேல சந்தேகம், என் கணக்கு மேல சந்தேகம். உங்க மேல சந்தேகப்படணும்னு நேத்து ராத்திரி வரைக்கும் தோணல."

அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். எழுபது வயசுக்கு நெருங்கி, ஒருத்தரையும் நம்பாமல் வாழ்ந்த மனுஷன். தன்னை ஒருத்தி பதினோரு நாள், ஒரு இரும்புச் சாமானை நம்புவதைவிட அதிகமாக நம்பியிருக்கிறாள்.

"முட்டை எம் மவளுக்குக் குடுத்தேன் தாயி" என்றார். "நாங் குடிச்சது நீராகாரம்."

"சரி. அது ஒண்ணு. கொழுப்பில்லாத வயித்துல பித்தம் இறங்காது, அதான் உப்பளத்துல கேப்சூல் பாலாகல." அவள் விரல் தாளில் நகர்ந்தது. "இன்னொண்ணு கேக்கணும். தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்குப் பித்தம் இறங்குது. முட்டை சாப்பிட்ட மாதிரியே. ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"

"சோறும் புளிக்குழம்பும். அதுல ஏது முட்டை?"

சொல்லி முடிக்கும்போதே அவருக்குக் குழம்பு நினைவுக்கு வந்தது. எழுந்துவிட்டார்.

வீட்டில் பேச்சி சுவரில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, முட்டையைத் தின்னியா?"

"தின்னாச்சுப்பா."

"மஞ்சக்கருவையுமா?"

அவள் கை நின்றது. "வெள்ளைக்கருவைத் தின்னேன். பொய்யில்ல."

"மஞ்சளு எங்க? எவ்வயித்துல கெடக்க பட்டாணி அங்கன எல்லாத்தையும் சொல்லிட்டு."

"குழம்புல."

"கொழுப்பு அதுலதான்டி இருக்கு! அது இருந்தாத்தான் ஒன் மருந்து கரையும்!"

"எனக்கு எப்படித் தெரியும்? நாள் பூரா அங்கன போய்க் கெடக்கிய, தெம்பு வேண்டாமான்னு கரைச்சு ஊத்துனேன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். பிறகு, "நீங்க மட்டும் என்ன யோக்கியம்? ஒங்களுக்குக் குடுத்த முட்டைய இங்க கொண்டாந்துட்டு, அங்கன தின்னேன்னுதான சொன்னிய? ஒங்க வயித்துக்குள்ள அவிய ஆள் வச்சிருக்காவன்னு முன்னாலயே சொல்லியிருந்தா நான் கரைச்சிருப்பேனா?"

கொம்பையாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எதிரே உட்கார்ந்து, முட்டையை முழுசாகத் தின்னவைத்து, கேப்சூலைக் கொடுத்தார். கால்மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முட்டை வாசனைக்கே குமட்டினாள். நோய் அந்தப் படிக்கு வந்திருந்தது. தங்கினது நீராகாரம் ஒன்றுதான்.

கூடத்துக்குப் போனபோது பனிமயம் கடிதம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"மேலிடத்துல சந்தோஷம் அண்ணாச்சி. காரணம் தெரிஞ்சுபோச்சாம். டப்பாவுல 'எண்ணெய் சேர்ந்த உணவுக்குப் பின் உட்கொள்ளவும்'னு ஒரு வரி அச்சடிச்சா வேலை முடிஞ்சதாம்."

"அச்சடிச்சா?"

"அதுக்கப்புறம் கேக்கலைன்னா மருந்து மேல தப்பில்ல. உங்க மேல தப்பு."

கொம்பையா அவள் முகத்தையே பார்த்தார். இந்த இடத்தில்தான் படித்தவர்கள் எல்லாரும் நழுவுவார்கள் என்பது அவர் அனுபவம். "எம் மவளுக்கு முட்டை தங்கல தாயி. நீராகாரம்தான் தங்குது" என்று மட்டும் சொன்னார்.

அவள் கடிதத்தை மடித்து மேஜை டிராயருக்குள் போட்டாள். "இருபது நாள் குடுங்க. சோறே இல்லாத வயித்துல பாலாகுற கேப்சூல் ஒண்ணு செய்யணும். எண்ணெய்யும் அதுவே கொண்டு போகணும், பித்தத்தோட வேலையையும் அதுவே பார்க்கணும். ஆனா இந்தத் தடவை நீங்க பொய் சொல்லக் கூடாது. பட்டினின்னா பட்டினின்னு சொல்லணும். உங்களால முடியுமா?"

"பட்டினி கெடக்கவா? எனக்கு அது புதுசா?"

"அது முடியும்னு தெரியும். சொல்ல முடியுமான்னு கேட்டேன்."

அடேயப்பா, எவ்வளவு கஷ்டமாக இருந்தது அது! மறுநாள் காலை வியாகுலம், "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்றான். ஆச்சு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இல்ல" என்றார் கொம்பையா. யாரோ கூட்டத்தில் வேட்டியை உருவின மாதிரி இருந்தது. வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டு எழுதினான்.

கேன்டீனில் நீராகாரம் கிடையாது. கொம்பையாவே வீட்டிலிருந்து செம்பில் கொண்டுவந்தார். பாதி அவருக்கு, பாதி கண்ணாடிக் கொம்பையாவுக்கு.

அந்த இருபது நாளும் அவர் பார்த்தார். தன் வாழ்நாளில் அப்படி வேலை செய்த ஒருத்தியைப் பார்த்ததில்லை. உப்பு வாருகிறவனுக்கு வேலை என்றால் என்னவென்று தெரியும், அவனை ஏமாற்ற முடியாது. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், பேர் தெரியாத எத்தனையோ எண்ணெய்களைச் சொட்டுச் சொட்டாக அளந்து கலப்பாள். முதல் கேப்சூல் போட்டபோது, ரசத்தின் மேல் மிதப்பதுபோல எண்ணெய் கண் கண்ணாக நின்றது. இன்னொன்று மேல்தோலையே தின்று டப்பாவுக்குள்ளேயே ஒழுகியது. எழுதுவாள், அடிப்பாள், அடுத்ததைப் போடுவாள். பதினோராவது கலவை அழகாகப் பாலானது. வியாகுலம் கைதட்டக்கூடச் செய்தான். அரை மணி கழித்துப் பார்த்தால், பால் தெளிந்து அடியில் மஞ்சளாகக் கல் இறங்கிக் கிடந்தது.

"உப்பு விளையுத மாதிரில்லா இறங்குது" என்றார் கொம்பையா. "பாசி விழுந்து வழவழன்னு ஆன பாத்தியில உப்பு இப்படி இறங்காது. அந்தக் கணக்கா ஏதாவது வழவழப்பு..."

"முந்தாநாளே சேர்த்துட்டேன் அண்ணாச்சி, பிசின் மாதிரி ஒண்ணு. அளவு பத்தல" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

தான் சொல்லித்தர வேண்டியது ஒன்றுமில்லை என்று தெரிந்ததில் கொம்பையாவுக்கு ஒரு நிம்மதி. நம் கையில் எதுவும் இல்லை, ஆனால் இருக்க வேண்டிய கையில் இருக்கிறது.

பதினேழாவது கலவை. புரட்டாசி இருபத்தைந்து. செம்பு நீராகாரத்தைக் குழாய் வழியாக விட்டு, கேப்சூலைப் போட்டார்கள். அது கொஞ்ச நேரம் மிதந்தது. ஓரமாக ஒரு இடத்தில் தோல் கிழிந்தது. வெள்ளையாக ஒரு புகை. பூ விரிகிற மாதிரி அது விரிந்து விரிந்து, கண்ணாடி முழுக்கப் பாலாயிற்று. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பனிமயம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி. ஒரு மணி. மூன்று மணி. பால் பாலாகவே நின்றது.

யாரும் கைதட்டவில்லை. பனிமயம் கண்ணாடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மூன்று நாள் கழித்து ஒரு டப்பியோடு அவளே கொம்பையா வீட்டுக்கு வந்து பேச்சியின் எதிரே உட்கார்ந்தாள். "இதுக்கு இன்னும் அனுமதி வரல. உள்ளதைச் சொல்லிடுறேன். முதல்ல நான் முழுங்கினேன், வெறும் வயித்துல. உடம்பை ஒண்ணும் செய்யல. நேத்து அண்ணாச்சி முழுங்குனாங்க. ரத்தத்துல நல்லா ஏறியிருக்கு. உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும் எடு."

பேச்சி கேப்சூலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பாவே முழுங்கிட்டாரா?"

"ஆமா."

"ரோட்டுக் கடையில டீ குடிச்சாக்கூட க்ளாஸை மூணு தடவை கழுவச் சொல்லுத ஆளு." நீராகாரத்தோடு போட்டு விழுங்கினாள்.

ஐப்பசி அடைமழை பிடித்தபோது பேச்சி வாசல்வரை நடந்தாள். கார்த்திகையில் ஒரு குடம் தூக்கினாள். மார்கழியில் அப்பனோடு சண்டை போட்டாள், மூச்சு வாங்காமல். அப்போதுதான் கொம்பையாவுக்குத் தைரியம் வந்தது.

தை மாதம் பனிமயம் அவரைக் கூப்பிட்டு ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினாள். உப்பளத்துக்கெல்லாம் போகப்போகிற பெட்டி. உள்ளே இரண்டு குழி. சின்னக் குழியில் கேப்சூல் உட்கார்ந்தது. பெரிய குழி வட்டமாக, காலியாக இருந்தது.

"இது எதுக்கு?"

"முட்டைக்கு. தினம் ஒரு கேப்சூல், ஒரு முட்டை. ரெண்டும் சேர்ந்துதான் மருந்துன்னு விண்ணப்பம் எழுதியிருக்கேன்."

"கேப்சூலுக்கு முட்டை வேண்டாமே! நாந்தான் முழுங்கிப் பார்த்தேனே!"

"கேப்சூலுக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் பனிமயம். பெட்டியை மூடினாள்.

கொம்பையா வீடு போய்ச் சேரும்வரை அதை யோசித்தார். முட்டை வரும். அதைப் பேச்சி மாதிரி ஒருத்தி யாருக்காவது கரைத்து ஊற்றிவிடுவாள். ஊற்றட்டும். கேப்சூல் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். ஆனால் முட்டையை மட்டும் தனியாக அனுப்பு என்றால் எந்தச் சர்க்கார் அனுப்பும்? மருந்தின் முதுகில் ஏற்றி அனுப்பினால்தான் அது உப்பளத்துக்கு வரும். வரப்பின் நடுவே நின்று, "அடி கெட்டிக்காரி!" என்று சத்தமாகவே சொன்னார்.

அடுத்த வாரம் மருந்து வாரியத்து அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலை தெரிந்தவர். அதுதான் வம்பு. பெட்டியைத் திறந்ததும் பெரிய குழியில் விரலை வைத்தார்.

"இந்த முட்டை அவசியமா மேடம்? நாப்பதாயிரம் பேருக்குத் தினம் முட்டை அனுப்புறது லேசுப்பட்ட காரியமில்ல. கேப்சூல் தானாவே கரைஞ்சா இந்தக் குழியை எடுத்துரலாம். வெறும் வயித்துல சோதிச்சுப் பார்த்தீங்களா?"

பனிமயத்துக்குப் பொய் வராது. கொம்பையாவுக்கு அது தெரியும். அவள் காது மடல் சிவந்துவிட்டது. "விண்ணப்பத்துல இருக்கிறதெல்லாம் முட்டையோட செஞ்ச சோதனைதான் சார்."

"விண்ணப்பத்தைக் கேக்கல. செஞ்சீங்களா?"

அவள் வாய் திறக்க ஒரு கணம் தாமதித்தாள். அதிகாரி பெஞ்சில் இருந்த கிழவரைப் பார்த்தார். "இவர்தானே வயிறு கொடுத்தவர்? பெரியவரே, நீங்க சொல்லுங்க. எப்பவாவது வெறும் வயித்துல இதை முழுங்கினீங்களா?"

வியாகுலம் குழாயைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

கொம்பையா எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டு, நெஞ்சை நிமிர்த்தினார். "என்ன சார் இப்படிக் கேட்டுட்டிய? எங்க பக்கத்துல வெறும் வயித்தோட யாரு இருக்கா? விடியுமுன்ன நாலு இட்லி, சாம்பாரு, முட்டை. சாப்பிடாம நாங்க வாசல்படி தாண்டுததே இல்ல. வேணும்னா உப்பளத்துல போயி வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்க. அத்தன பேரும் அதையேதான் சொல்லுவாவ."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். நர்ஸம்மா எடுத்த கணக்கு அதில் இருந்தது. நானூறு வீடு. நானூறிலும் 'உணவு உட்கொண்டார்' என்றே இருந்தது. குழியை எடுக்க வேண்டுமானால் புது விண்ணப்பம், புது சோதனை, இரண்டு வருஷம். அவர் பெருமூச்சு விட்டார். முட்டையோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கார் சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் அசையவில்லை. பிறகு வியாகுலம் கண்ணாடி வயிற்றின் பக்கம் திரும்பி, "கேட்டியா கொம்பையா? நாலு இட்லியாம்!" என்றான்.

பனிமயம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?"

கொம்பையா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல தாயி" என்றார். "இன்னும் ஒண்ணும் சாப்பிடல."